செல்வினுக்குக் கொடுக்காத பந்து

டீச்சர், முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, காற்று, கருப்பு எதிலும் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. டீ ஃபாக்டரியில் பதினாறு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான், கொழுந்து வாட்டுகிற மாடியில் ஒற்றை ஆளாகப் படுத்துத் தூங்கியிருக்கிறேன், எலியைத் தவிர வேறு எதுவும் என்னைத் தொட்டதில்லை. வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து குறுக்கே நடந்து போகிற ஆள். என்னைப் பிடித்திருந்த ஒரே பேய் செல்வின்தான், அவனோ நன்றாகச் சாப்பிட்டு உயிரோடு இருந்தான். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, கருப்பசாமிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நீங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலரில் போடுவதற்கு இந்த கிரவுண்டின் கதையைக் கேட்டு வந்தீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறி வந்தால் சமமாகக் கால் வைத்து நிற்க ஓர் இடம் உண்டென்றால் அது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே. வெள்ளைக்கார துரை குதிரை ஓட்டுவதற்காக மேட்டை வெட்டி நிரவினான் என்பார்கள், அதனால்தான் பழைய ஆட்கள் இன்னும் குதிரைமேடு என்கிறார்கள். குதிரை போய் கிரிக்கெட் வந்தது, துரைமார் போன பிறகு நம்முடைய ஆட்கள் ஃபுட்பால் ஆடினார்கள். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த கேலரி, தேயிலைச் சரிவைப் படியாக வெட்டி ஆற்றுக் கல்லைப் பதித்தது. யூனியன் கூட்டம் இங்கேதான், எலெக்‌ஷன் கூட்டம் இங்கேதான், மாரியம்மன் கோயில் வெடிக்கட்டு, அந்த வாணவேடிக்கையும் இங்கேதான், சர்ச் கன்வென்ஷனும் இங்கேதான். மந்திரி ஹெலிகாப்டரில் வந்தபோது வட்டம் போட்டு நடுவில் இங்கிலீஷ் எச் எழுதச் சொன்னார்கள், மறுவாரமே டிரைவிங் டெஸ்டுக்காக இன்னொரு எச் போடச் சொன்னார்கள். இரண்டு எச்சையும் நான்தான் போட்டேன். ஹெலிகாப்டர் ஒரே தடவையில் இறங்கிவிட்டது, என் மச்சினன் மூன்று தடவை தோற்றான். பெரியாற்றில் வெள்ளம் வந்த வருடம் ஆற்றோரத்துச் சனங்கள் எல்லாரும் தார்ப்பாயோடு இங்கே ஏறி வந்தார்கள், அப்போதும் குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று சுண்ணாம்பில் கோடு கிழித்துக் கொடுத்தது நான்தான். கோடு போடுவது என் வேலை. கிளப் செயலாளர் தங்கச்சன் சேட்டன் தகரடின்னில் மூக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார், சுண்ணாம்பைக் கரைத்து அதில் ஊற்றி, கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே குனிந்து நடக்க வேண்டும்.

இந்த கிரவுண்டுக்கு என்று ஒரு முறை இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. பனிமூட்டத்தை நாங்கள் மஞ்சு என்போம். மத்தியானம் திரும்பினால் மஞ்சு இறங்கும், இறங்கினால் கையை நீட்டினால் விரல் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்த மாட்டோம். நிறுத்த ஆரம்பித்தால் இந்த ஊரில் ஒரு ஆட்டமும் முடியாது. மஞ்சு விழுந்ததும் கேலரியில் இருக்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள், குழந்தை அழுதால் தாய் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஆடுகிறவன் தன்னுடைய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், பந்து வைத்திருப்பவன் குரல் வந்த திசைக்கு அடிப்பான். மஞ்சுக்குள் உன் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிட்டால் நீ பந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பிடிக்காதவனாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். கேட்டும் கொடுக்காதவனை அதற்குப் பிறகு யாரும் டீமில் சேர்க்க மாட்டார்கள், அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி.

இனிமேல் செல்வின். எந்தச் செல்வின் என்று முகத்தைச் சுருக்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்த செல்வின்தான், கொஞ்சம் பொறுங்கள்.

செல்வினும் நானும் ஒரே லயத்தில், எஸ்டேட்டுக்காரர்கள் கட்டிக்கொடுத்த ஒரே வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், நடுவில் இரண்டு வீடு. அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள், கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டு முறுக்கும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கரும்பும் மாறி மாறிப் போகும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே டீம். நான் நடுவில் ஆடுவேன், அவன் இடது பக்கம் முன்னால். ஆட்டத்தில் ஓடி, விழுந்து, முழங்கால் தேய்ந்து பந்தைப் பிடுங்குகிறவன் நான், அதைக் கோலில் தள்ளிவிட்டுக் கையைத் தூக்குகிறவன் அவன். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதுதான்.

எங்களுக்கு இருபத்திரண்டு வயதில் ஃபைனல் வந்தது. எதிரில் பள்ளிவாசல் பக்கத்து டீம், நல்ல முரட்டு ஆட்கள். ஒன்றுக்கு ஒன்று நிற்கிறது, முடியப் போகிற நேரத்தில் மஞ்சு இறங்கியது. கேலரி கப்பென்று அடங்கியது. பந்து எப்படியோ என் காலுக்கு வந்தது, இரண்டு பேர் என் மேல் மூச்சு விடுகிற தூரத்தில் நிற்கிறார்கள். அப்போது வெள்ளைக்குள்ளிருந்து அவன் கத்தினான்.

"கருப்பா! இங்க! எடது!"

நான் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற மாதிரி கொடுத்தேன், அப்படி ஒரு பாஸை நான் அதற்கு முன்னும் கொடுத்ததில்லை, பின்னும் கொடுத்ததில்லை. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வலையில் பந்து விழுகிற சத்தம், அதற்குப் பிறகு விசில், அதற்குப் பிறகு கேலரி. டீச்சர், அந்தக் கோலை ரெஃபரியையும் கோலியையும் தவிர ஒரு மனிதனும் கண்ணால் பார்க்கவில்லை, எல்லாரும் காதால் கேட்ட கோல் அது. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் பார்த்த மாதிரியே பேசினார்கள்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். அந்த ஃபைனலில் நாம் தோற்றோம் என்று தங்கச்சன் சேட்டன் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, அதுதான் கதை.

ஜெயித்தோம். ஷீல்டு கிளப் அலமாரிக்கு வந்தது. ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு கோச் செல்வினைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், பெரிய டீம், பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலை, வீடு, கார். என்னை அந்தக் கோச் தோளில் தட்டி, "நன்னாயி களிச்சு" என்றார், நன்றாக ஆடினேனாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபது வருடம் இந்த ஊரில் யார் வாயைத் திறந்தாலும் செல்வின் கோல். பார்பர் கடையில் செல்வின் கோல், சாவு வீட்டில்கூட செல்வின் கோல். கிளப்பில் மாட்டியிருந்த படத்தில் அவன் நடுவில் ஷீல்டோடு நிற்கிறான், நான் ஓரத்தில், சட்டம் போட்டவன் என் பாதித் தோளை வெட்டிவிட்டான். நான் யாரிடமாவது, அந்த பாஸ் கொடுத்தது யார் தெரியுமா என்று கேட்டால், ஆமாம் யாரு, என்று என்னிடமே கேட்பார்கள்.

வயிறு எரிந்தது, டீச்சர். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. அவன் வாட்ஸாப்பில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால் நான் இரண்டு நாள் திறக்காமலே வைத்திருப்பேன். அவனுக்கு முட்டி ஆபரேஷன் என்று கேள்விப்பட்டபோது ஐயோ என்று வாய் சொன்னது, மனசுக்குள் ஒருவன் உட்கார்ந்து பாயசம் குடித்தான். என் மனைவி புஷ்பத்துக்கு இது தெரியும். கொழுந்தெடுத்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு அவள் சொல்வாள்.

"அவுக கோலு போட்டாக, நீங்க கோடு போடுதீக. இதுல எரிச்சப்பட என்ன இருக்கு?"

நானும் சிரிப்பேன். பிறகு பின்பக்கம் போய்க் கைகழுவுகிற சாக்கில் வெகுநேரம் நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேலரிக்கு மேலே இந்தக் கூரையைப் போட்டார்கள். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. கேலரிக்குப் பெயர் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது, என்ன பெயர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. செல்வின் கேலரி. அவனே காரில் வந்து ரிப்பன் வெட்டுகிறான். சனிக்கிழமை மத்தியானம் ஃபிளெக்ஸ் வந்தது, அவன் முகம் மட்டும் ஒரு கதவளவு. அதை மூங்கிலில் கட்டுவதற்குக் கயிற்றைப் பிடித்தவன் நான்தான்.

"எடா கருப்பா," என்றார் தங்கச்சன் சேட்டன், "லைன் ஒக்கெ நேரே வரணும் கேட்டோ. செல்வின் சார் வரும்போ கிரவுண்டு கண்ணாடி போல இருக்கணும்."

"அவன் எப்ப சேட்டா சாரு ஆனான்?"

"நினக்கு எப்பவும் இதுதான்," என்று சிரித்துவிட்டு அவர் சாமியானாக்காரனைப் பார்க்கக் கீழே போய்விட்டார்.

மூன்று மணி இருக்கும். நல்ல பட்டப்பகல், இதை அழுத்திச் சொல்கிறேன், ராத்திரியும் இல்லை, நான் குடிக்கவும் இல்லை, பால் ஊற்றாத கட்டன்சாயா மட்டும்தான். ஓரக் கோடுகளை முடித்துவிட்டு நடுக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி போட்டிருப்பேன், மஞ்சு இறங்கியது. எப்போதும் அது மேலேயிருந்து கீழே வரும், அன்றைக்குக் கோல் கம்பம் இருக்கிற இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு வந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு டின்னைக் கீழே வைத்து நின்றேன், விலகட்டும் என்று.

அமைதியாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆளில்லாத கிரவுண்டின் அமைதி வேறு, ஆட்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற அமைதி வேறு. ஆயுசு முழுக்க இந்த கிரவுண்டில் நின்றவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கேலரி பக்கம் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருந்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது, அதை யாரோ தூக்கிக்கொண்டு போகிற கால் சத்தம் கேட்டது.

புல்லில் ஏதோ உருண்டு வந்தது. நான் போட்டிருந்த ஈரக் கோட்டைத் தாண்டி, மெதுவாக வந்து, என் வலது காலில் முட்டி நின்றது. பந்து. குனிந்து பார்த்தேன். இப்போது வருகிற பளபளப்புப் பந்து இல்லை, தோல் பந்து, தையல் புடைத்துத் தெரிகிற பழைய மாதிரி. அதன் மேல் நீல மசியில் எங்கள் எஸ்டேட் அடையாளம் இருந்தது. அந்த ஃபைனலுக்கு வாங்கின புதுப் பந்தை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று, தேயிலைப் பெட்டியில் அடிக்கிற ஸ்டென்சிலை ஃபாக்டரியிலிருந்து எடுத்து வந்து அதன் மேல் அடித்தவன் நான். முதல் எழுத்துக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று செல்வின் அன்றைக்கு என்னைக் கேலி செய்தான். இந்தப் பந்திலும் முதல் எழுத்துச் சாய்ந்திருந்தது.

காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், பந்து வந்தால் நான் அப்படித்தான் செய்வேன், அதுவாக வருகிற பழக்கம்.

"கருப்பா! இங்க! எடது!"

நீங்கள் நம்புங்கள், நம்பாமல் போங்கள். அது செல்வின் குரல். ஃபிளெக்ஸில் இருக்கிற செல்வின் சாருடைய தடித்த குரல் இல்லை. இருபத்திரண்டு வயதுக் குரல், கத்தும்போது கடைசியில் கொஞ்சம் உடையுமே, அந்தக் குரல். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சு வாங்குவது கேட்டது, கழுத்தில் சூடாகப் பட்டது. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, டீச்சர். பயம் வந்திருந்தால் நல்லது, ஓடிப் போயிருப்பேன். வந்தது அந்தப் பழைய எரிச்சல். அந்தக் கதவளவு முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, சாரு என்று சேட்டன் சொன்னது வந்தது, என் பாதித் தோள் வந்தது.

"கருப்பா! வுடுல! எடது!"

கால் தானாக அசைந்தது. இடது பக்கம் எத்தனை அடி, எவ்வளவு வேகம் என்று என் காலுக்கு மறக்கவே இல்லை. நான்தான் அழுத்திப் பிடித்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டான், இந்தத் தடவை பெயர் மட்டும், கெஞ்சுகிற மாதிரி. "கருப்பா..."

"தர மாட்டேன்ல, போ," என்றேன். வாய்விட்டே சொன்னேன். சொன்னபோது எனக்கு நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன், இருபது வருடத்தில் அவ்வளவு நன்றாக எனக்கு இருந்ததில்லை.

நீளமாக ஒரு விசில். அதற்குப் பிறகு கேலரியிலிருந்து ஒரு சத்தம், ஆயிரம் பேர் ஒன்றாக ச்ச் என்று மூச்சை விடுகிற சத்தம். மஞ்சு விலகியது. என் கால் புல்லின் மேல் இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. கேலரியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

கனவுதான் என்று நினைத்தேன், பசி மயக்கம் என்று நினைத்தேன். பிறகு கோட்டைப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பில் ஒரு பந்து அகலத்துக்கு அழிந்திருந்தது. அங்கிருந்து என் கால் வரைக்கும் புல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, பந்து உருண்டு வந்த தடம். என் காலுக்கு அப்பால் எந்தப் பக்கமும் தடம் இல்லை. வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. அழிந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பு ஊற்றினேன், கோடு கோணலாகப் போயிற்று.

டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஃபிளெக்ஸ் நான் கட்டிய இடத்திலேயே, நான் போட்ட முடிச்சோடு இருந்தது. அதில் செல்வின் முகம் இல்லை. கேலரி மேற்கூரை திறப்பு விழா என்று எழுதி, எம்.எல்.ஏ. படமும் பஞ்சாயத்து ஆட்கள் படமும் இருந்தன. தங்கச்சன் சேட்டன் சாமியானாக்காரனோடு மேலே வந்துகொண்டிருந்தார்.

"சேட்டா, செல்வின் படத்த ஏன் மாத்துனீக?"

"ஏது செல்வின்?"

"நம்ம செல்வின். நாளைக்கு வாரவன்."

"ஜீப் செல்வினோ? அவன் நாளைக்கு கெஸ்டை எல்லாம் மேலே கொண்டுவரும். அதுக்கு எந்தினா ஃபிளெக்ஸ்?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சோறு உண்டோடா?"

நான் அவரைத் தள்ளிக்கொண்டு கிளப்புக்கு ஓடினேன். அலமாரியில் ஷீல்டு இருந்த இடத்தில் இரண்டாவது பரிசுக் கப், சின்னது, ஒரு காது உடைந்தது. சுவரில் அதே சட்டம், அதே படம். செல்வின் ஓரத்தில் குந்தியிருந்தான். படம் முழுக்கத் தேடினேன், என் பாதித் தோள்கூட அதில் இல்லை.

சேட்டன் பின்னாலேயே வந்து தோளில் கைவைத்தார், ரொம்ப மெதுவாகப் பேசினார், நோயாளியிடம் பேசுகிற மாதிரி. அந்த ஃபைனலில் மஞ்சுக்குள் செல்வின் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நான் பந்தைக் கொடுக்கவில்லையாம். ஆட்டம் சமமாக முடிந்து, பெனால்டியில் தோற்றோமாம். அதற்குப் பிறகு என்னை யாரும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, நானே வந்து கோடு போடும் வேலையையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேனாம். "இப்போ எந்தினா அது பின்னயும்? அதெல்லாம் பழைய காரியம் அல்லே," என்றார். நான் பொறாமையில் செய்தது அரைமணி நேரத்துக்கு முன்னால், இவர்கள் அதை இருபது வருடமாக அறிந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனேன். புஷ்பம் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள், நான் கோலைப் பற்றிச் சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை.

"வுடுங்க. அதையே எத்தன வருசம் நெனச்சிட்டு இருப்பீக?" என்று தலையில் கைவைத்தாள். அவுக கோலு போட்டாக என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். செல்வின் பானெட்டின் மேல் உட்கார்ந்து உழுந்துவடை தின்றுகொண்டிருந்தான். காக்கிச் சட்டை, அரைநரை, பல் ஒன்று போயிருந்தது. என்னைக் கண்டதும் பாதி வடையைப் பிய்த்து நீட்டினான்.

"ஏ மாப்ள, வா. என்ன காலையிலேயே?"

"செல்வின், அந்த ஃபைனல்ல நீ கோல் போட்டியால?"

சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டு என்னை ஜீப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"எப்பிடிப் போடுவேன்? நீதான் தரலியே."

"பந்த நான் என்ன செஞ்சேன்?"

"அத எங்கிட்ட கேக்க? மஞ்சு வெலகுனப்ப நீ ஒத்தக்கால முன்ன வச்சுக்கிட்டு நின்ன, கால்ல பந்து இல்ல. தேயிலைக்குள்ள மூணு நாள் தேடுனோம். கெடைக்கவே இல்ல. பெனால்டிகூட வேற பந்துல்லா." வடை மடித்திருந்த காகிதத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தான். "ஏன் தரலன்னு நான் ஒங்கிட்ட ஒருநாளும் கேட்டது இல்ல, மாப்ள. கேக்கவும் மாட்டேன். சின்ன வயசு, என்னமோ நெனச்சிருப்ப. கெடக்கட்டும், வடையத் தின்னு."

தின்றேன், டீச்சர். அவன் திருவனந்தபுரம் போயிருக்க வேண்டியவன், கார் வைத்திருக்க வேண்டியவன், ஜீப்புக்குப் பின்னால் நின்று எனக்கு வடை ஊட்டுகிறான். இருபது வருடமாக ஒரு வார்த்தை கேட்காமல் என்னை மன்னித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா, இதிலும் இவன்தான் ஜெயித்தான் என்று வந்தது. அப்படிப்பட்டவன் நான். அவனிடம் சொல்லிப் பார்த்தேன், நீ கோல் போட்டாய், நான் சத்தியமாகக் கேட்டேன், வலையில் விழுந்தது, ஷீல்டு இருந்தது, உன் பேரில் கேலரி இருந்தது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு கேக்க," என்றான். பிறகு டூரிஸ்ட் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டான். இப்போது என்னைப் பார்த்தால் சில நாள் அவனே கேட்பான், "மாப்ள, எம் மகளுக்கு அந்தக் கோலச் சொல்லு," என்று. நான் முதலிலிருந்து சொல்வேன். அந்தக் கோலை இந்த உலகத்தில் கேட்டவன் நான் ஒருத்தன்தான், எரிச்சல்பட்டதும் நான் ஒருத்தன்தான், இப்போது அதைப் புகழ்ந்து பேசுவதற்கும் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

மலரில் இதைப் போட முடியாது என்று உங்கள் முகமே சொல்கிறது. பரவாயில்லை. ஹெலிகாப்டரைப் போடுங்கள், வெள்ள நிவாரணத்தைப் போடுங்கள். ஓரமாக இடம் இருந்தால் ஒரே ஒரு வரி, ஃபைனலில் செல்வின் ஒரு கோல் போட்டான் என்று. தப்பு என்று யாராவது கேட்டால் கருப்பசாமி சொன்னான் என்று சொல்லிவிடுங்கள், என்னைத்தானே திட்டுவார்கள்.

நடுக்கோட்டில் அந்த இடத்தில் இன்றைக்கும் சுண்ணாம்பு நிற்பதில்லை. அங்கே பாருங்கள், காலையில்தான் ஊற்றினேன், ஒரு பந்து அகலத்துக்கு விட்டுப்போய்க் கிடக்கிறது. மண்ணில் ஏதாவது இருக்கும் என்று சேட்டன் சொல்கிறார், இருக்கலாம். ஆனால் என் காலை என்ன சொல்வது? மஞ்சு இறங்குகிற நேரம் வந்தால் வலது உள்ளங்காலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. செருப்பைக் கழற்றிப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும், தையல்கூடத் தெரிகிறது. இடது பக்கம் எத்தனை அடி, எவ்வளவு வேகம் எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒவ்வொரு மஞ்சுக்கும் அந்த இடத்தில் போய் நிற்கிறேன், யாரும் கூப்பிடவில்லை.

மணி மூன்று ஆகிவிட்டது, அதோ கோல் கம்பத்துப் பக்கம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நான் கீழே போகிறேன், நீங்கள் இங்கேயே உட்காருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டீச்சர், மஞ்சு விலகுகிறவரைக்கும் ஒன்றும் பேச வேண்டாம். அவன் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.